விழாத கிளை

கூரைமேல் ‘டம்’மென்று ஏதோ விழுந்தபோது அவள் அப்பாவின் பல்செட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கை நழுவி மேல்வரிசை கிண்ணத்துக்குள் விழுந்தது. அது உடைந்திருந்தாலும் பாதகமில்லை. பல் லேபில் வேலை பார்க்கிறவள் அவள். அதைச் செய்தவளே அவள்தான், இன்னொன்று செய்துவிடுவாள். கூரையை அப்படிச் செய்துவிட முடியாது. தோள்களுக்குள் தலையை இழுத்துக்கொண்டு அடுத்த சத்தத்துக்காக நின்றாள். வரவில்லை. ஏதோ ஒன்று சிமெண்ட் ஷீட்டின் சரிவில் சரசரவென்று உருண்டு வாசல் பக்கம் போய் விழுந்தது.

“குச்சிதான்க்கா,” என்றான் தம்பி. சொல்லும்போதே அவன் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன் அவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊரார் உயிருக்காக பிரேக் மிதித்து மிதித்து, பயம் வந்தால் கால் தானாக அமுங்கிவிடும். கொஞ்ச நாளாக இந்த வீட்டுத் தரை முழுக்க அவனுக்கு பிரேக்தான்.

“என்ன சத்தம்?” என்றார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

“மைக் கட்டறாங்கப்பா.”

“எத்தனை ஸ்பீக்கர்?”

“நாலு இருக்கும்.”

அப்பா திருப்தியாக மூச்சு விட்டார்.

அவர் படுத்திருந்த முன்னறை வீட்டோடு பிறந்ததல்ல. நகர மர நிதிக்கு அவர் செயலாளரானபோது, பெரிய மனிதர்கள் வந்தால் உட்காரவைக்க ஓர் அறை வேண்டாமா என்று வாசலை ஒட்டி அவசர அவசரமாக எழுப்பியது. சுவர்களில் கம்பீரத்துக்குக் குறைவில்லை. மேலே மட்டும் ஷீட். பின்னால் இருந்த பழைய வீட்டுக்குத்தான் கான்கிரீட். இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு, ஒரு படி. முன்னறைச் சுவர் நிறையக் கேடயங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மரம் செதுக்கியிருந்தது. எந்த மண்ணிலும் முளைக்காமல் கேடயங்களில் மட்டுமே வளர்கிற இனம்.

கூரைக்கு நேர் மேலே, நடைபாதையில் நிற்கிற தூங்குமூஞ்சி மரத்தின் பட்டுப்போன கிளை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. கிளை என்பது மரியாதைக்குச் சொல்வது. பருமனைப் பார்த்தால் அதுவே ஒரு மரம். பட்டை உரிந்து, அடியில் காளான் பூத்து, காற்றடித்தால் கதவில்லாத இடத்தில் கதவு திறப்பது போலச் சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கைவேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பாள். தூக்கத்தில் கேட்டாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.

அதை வெட்டியிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். இந்த நகரத்தில் வெட்ட முடியாது. மர நிதியின் விதி அப்படி. கன்று நட்டால் நிதி உண்டு. மரம் விழுந்தால், அப்புறப்படுத்த அவசர நிதி உண்டு. இடைப்பட்ட காலத்தில் மரம் என்ன செய்தாலும் அது அதன் சொந்தப் பொறுப்பு. தண்ணீருக்கோ, காய்ந்த கிளையைக் கழிப்பதற்கோ ஒரு பைசா கிடையாது. தனி ஆள் யாராவது கத்தி வைத்தால் குற்றம். இந்த விதியை எழுதியவர் அப்பா.

“கன்று நடற போட்டோவைப் பார்த்தா நாலு பேர் நன்கொடை தருவான். கிளை வெட்டற போட்டோவைப் பார்த்து எவன் தருவான்?” என்பார். நியாயம்தான். அவர் காலத்தில் நகரமெங்கும் கன்றுகள் நடப்பட்டன; கன்றைவிடப் பெரிதாக அதை வழங்கியவர் பெயர் போட்ட தகடும் நடப்பட்டது. கன்றுகள் போன இடம் தெரியவில்லை. தகடுகள் நன்றாக வேரூன்றிவிட்டன.

அப்பா எழுந்து நடமாடிக்கொண்டிருந்த நாளில் அவள் கெஞ்சிப் பார்த்தாள். ஒரு போன் போட்டால் மர நிதித் தலைவர் ஆள் அனுப்புவாரே என்றாள்.

“செயலாளர் வீட்டு வாசலுக்கு மட்டும் தனி விதியா? என் பேரை நானே கெடுத்துக்கவா?”

“அப்ப பின்னறையில வந்து படுங்கப்பா.”

“பின்னாடி போய்ப் படுத்தா ஆள் முடிஞ்சான்னு அர்த்தம். தலைவர் பாக்க வந்தா சமையலறை வழியாவா வருவார்?”

அவளே மர நிதி அலுவலகத்துக்குப் போனாள். புதிய செயலாளர் எழுந்து நின்று வரவேற்று, டீ வரவழைத்து, அப்பா எழுதிய விதியை அவளுக்கே வாசித்துக் காட்டினார். “ஒரு சொல்லை எடுக்க முடியுதா பாருங்கம்மா. உங்கப்பா தமிழே தனி,” என்றார்.

அப்புறம்தான் அப்பா விழுந்தார். நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்குகிற பெரிய ரத்தக்குழாய் பலூன் மாதிரி உப்பியிருக்கிறது, இந்த உடம்பு ஆபரேஷன் தாங்காது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் சொன்ன இடத்தில், கேடயங்களுக்குக் கீழே, கட்டிலைப் போட்டுப் படுக்கவைத்தார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “இனிமே இவரை அசைக்காதீங்க. கட்டிலோட கூட நகர்த்த வேண்டாம். ஒரு குலுக்கல் போதும், வெடிச்சிடும்,” என்றார்.

“எப்ப ஆகும் டாக்டர்?”

“இன்னிக்கும் ஆகலாம். வருஷக்கணக்கா இருந்தாலும் இருப்பார்.”

மரமேறி கிளை வெட்டுகிற ஒருவரை அவள் ரகசியமாகக் கூட்டிவந்து காட்டினாள். அவர் அண்ணாந்து பார்த்து, காது குடைந்து, “இன்னிக்கும் விழலாம்க்கா. வருஷக்கணக்கா நின்னாலும் நிக்கும்,” என்றார். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலிருந்தது.

அப்பாவுக்கு மேலே ஒன்று தொங்கியது, உள்ளே ஒன்று தொங்கியது. நடுவில் அவள் ஸ்பூனில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள்.

குற்றமானால் ஆகட்டும் என்று துணிந்து, கிளை வெட்டுகிறவரை இன்று காலை வந்து சத்தமில்லாமல் கிளையை இறக்கிவிடச் சொல்லியிருந்தாள். அவரும் சொன்ன சொல் தவறாமல் கயிறும் ரம்பமுமாக வந்தார். வந்து பார்த்தால் மரத்தடியில் பந்தல். தெருவில் மரக்கன்று நடும் விழா. ‘பசுமைத் தந்தை’யான அப்பாவின் தெருவிலேயே நடவேண்டும் என்பது தலைவரின் ஆசையாம். யாரும் வீட்டில் கேட்கவில்லை. கௌரவிக்கப்போகிறவரைக் கேட்டுக்கொண்டு கௌரவிப்பது வழக்கமில்லை. நிழல் வேண்டுமென்று பெரிய மரத்துக்கு நேர் கீழே குழிக்கு இடம் பார்த்திருந்தார்கள். வெளிச்சமே விழாத இடம். கயிற்றோடு வந்தவரை விழாவின் ஆள் என்று நினைத்து, யாரோ அவர் கையில் கடப்பாரையைக் கொடுத்துவிட்டார்கள்.

ஜன்னலருகே வந்து முணுமுணுத்தார் அவர். “கோவிச்சுக்காதக்கா. இவங்க கெளம்பினதும் ஏறிடறேன். இப்ப குழி வெட்டச் சொல்றாங்க.”

“வானம் மூடுதே.”

“காத்து எழும்பாம இருந்தா சரி.”

“எழும்பினா?”

“எழும்பினா நான் ஏறமாட்டேன். தப்பா நினைக்காத. எனக்கும் வீடுன்னு ஒண்ணு இருக்கு.”

அவள் வானத்தைப் பார்த்தாள். காலையில் பளிச்சென்றிருந்த வெயில் அழுக்குத் தண்ணீர் நிறத்துக்கு மாறியிருந்தது. இருட்டியதும் தூங்குமூஞ்சி தன் வழக்கப்படி இலைகளை மூடத் தொடங்கியிருந்தது. இலை மூட மூட, அதுவரை மறைந்திருந்த பட்ட கிளை முழுசாக வெளியே வந்தது.

“பல்லை மாட்டும்மா. தலைவர் வந்துடுவார்,” என்றார் அப்பா.

அவள் மேல்வரிசையைப் பொருத்தி, கட்டைவிரலால் அண்ணத்தில் அழுத்தினாள். பிறகு கீழ்வரிசை. ஒட்டிப்போயிருந்த கன்னம் நிரம்பி, அப்பா ஒரு நொடியில் செயலாளரானார்.

தலைவர் வந்தார். அறைக்குள் அவருக்கு முன்னால் அவருடைய வாசனை வந்தது, பின்னால் உதவியாளர் வந்தார், அதற்கும் பின்னால் கேமராக்காரர். உதவியாளர் கையில் புதுக் கேடயம்.

“ஐயா எப்படி இருக்கீங்க? பாத்தா நம்மளைவிடத் தெம்பா இருக்கீங்க,” என்றார் தலைவர்.

அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். அவளும் தம்பியும் பாய்ந்து ஆளுக்கொரு தோளை அழுத்தினார்கள்.

“அசையக் கூடாது ஐயா,” என்றாள் தலைவரிடம்.

“அசையவே வேண்டாம். மலை எங்கேயாவது அசையுமா?” என்றார் தலைவர். கேடயத்தை அப்பாவின் நெஞ்சில் வைக்கக் குனிந்தார். அவள் கையை நீட்டி நடுவழியிலேயே வாங்கிக்கொண்டாள். கனமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மேலே அந்தக் கதவு திறந்தது. நீளமாக, நிதானமாக ஒரு முனகல். அதன் முடிவில் ஷீட்டின் மேல் ‘டமார்’ என்று ஏதோ விழுந்தது. கூரையின் தூசி இறங்கி, தலைவரின் சட்டைத் தோளில் படிந்தது.

“அது என்ன?” என்றார் தலைவர்.

“மேலே பட்ட கிளை ஐயா,” என்றாள். “கூரைமேல விழற மாதிரி நிக்குது. எப்ப வேணாலும் வரும். அப்பாவை நகர்த்த முடியாது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா...”

தலைவர் மேலே பார்த்தார். பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்தார். வாசற்படியைத் தாண்டியபிறகு நின்றார். எஞ்சிய புகழ்ச்சியை அங்கிருந்தே சொன்னார்.

“ஐயா மாதிரி ஒருத்தர் இனிமே பிறக்கப்போறதில்ல. இந்தக் கிளையை உடனே கவனிக்கணும். என்னப்பா?”

உதவியாளர் பணிவாகச் சொன்னார்: “விழுந்தா அவசர நிதி இருக்குங்கய்யா. அன்னிக்கே எடுத்துடலாம்.”

“கேட்டியாம்மா? விழுந்ததும் சொல்லியனுப்பு. நேரமெல்லாம் பாக்காத.”

அவர் போனபிறகு வெளியே ஒரே பரபரப்பு. அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். பந்தல் இடம் மாறிக்கொண்டிருந்தது. ஏழெட்டு ஆட்கள் ஆளுக்கொரு கால் பிடித்து, மேலே துணி கசங்காமல், உள்ளே தொங்கிய விளக்குகூட ஆடாமல், அப்படியே அலாக்காகத் தூக்கி எதிர்வரிசைக்குக் கொண்டுபோனார்கள். நாற்காலிகள் போயின. மேசை போயிற்று. மேசைமேல் தண்ணீர் நிறைந்த டம்ளர்களை வைத்தபடியே தூக்கிப் போனார்கள். ஒரு சொட்டு சிந்தவில்லை. குழி மட்டும் இந்தப் பக்கம் மிஞ்சியது. பிறகு அந்தப் பக்கமும் ஒன்று வெட்டச் சொன்னார்கள்.

“அக்கா,” என்றான் தம்பி. அவனும் டம்ளர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். “இவனுங்க நாலு பேர் வந்தா போதும். கட்டிலோட உள்ளே வச்சிடலாம்.”

“படி இருக்குடா.”

“படியிலதான் ஆளுக்கு ஆள் சொல்லிச் சொல்லி ஏத்தணும். நான் சொல்றேன். புதுசா வர்ற பொம்பளைங்களை எல்லாம் மேம்பாலத்துல ஏத்தியிருக்கேன்.”

“ஏத்தும்போது அவருக்கு ஆயிட்டா? நாமதான் கொன்னோம்னு ஆகும்.”

“கிளை விழுந்தா?”

“அது கிளை.”

தம்பியின் கால் அமுங்கியது. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெளியே மைக் கனைத்தது. தலைவர் தொடங்கிவிட்டார். “அன்பார்ந்த பெரியோர்களே, மரம் என்பது என்ன?” என்று கேட்டு, பதில் தெரிந்தவர் போலச் சற்று நிறுத்தினார். காற்று எழும்பியது. முதல் வீச்சில் தெருக்குப்பை உயர்ந்து ஜன்னல் கம்பியில் மோதியது. மேலே கதவு திறந்தது. இந்த முறை மூடிக்கொள்ள வெகுநேரம் எடுத்துக்கொண்டது.

அப்பா கண்ணைத் திறந்து நேராகக் கூரையைப் பார்த்தார்.

“அந்தக் கிளைதானே?”

“மைக் சத்தம்ப்பா.”

“எனக்குத் தெரியாதா? தினம் கேட்டுட்டுத்தானே படுத்திருக்கேன்.” நாக்கால் பல்செட்டைத் தள்ளினார். “இதை எடுத்துடு. உறுத்துது.”

அவள் எடுத்தாள். கன்னம் திரும்ப ஒட்டிக்கொண்டது. செயலாளர் போய், வயதான ஓர் ஆள் மட்டும் தலையணையில் கிடந்தார். அவர் கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பிடியில் வலுவில்லை, ஆனால் விடவில்லை.

“பயமா இருக்கும்மா,” என்றார்.

பிறந்ததிலிருந்து அவர் வாயால் அந்தச் சொல்லை அவள் கேட்டதில்லை. அப்பாவுக்குக் கவலை வரும், கோபம் வரும், ரத்தக்கொதிப்பு வரும்; பயம் என்பது பொதுமக்களுக்கு வருவது.

“என்னை உள்ளே கொண்டு போயேன்.”

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் வாசலை நோக்கி ஓர் அடி வைத்துவிட்டு, அவள் தலையசைப்புக்காக நின்றான். எதிரே, பந்தல் தூக்கியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மாதான் நின்றிருந்தார்கள். ஒரு குரல் கொடுத்தால் வந்துவிடுவார்கள். ஒரு குலுக்கல் போதும் என்ற டாக்டர் குரலும் அவளுக்குக் கேட்டது, மேலே முனகலும் கேட்டது. இரண்டில் எது முந்தும் என்று யாராவது சொன்னால் தேவலை.

“பேச்சு முடியட்டும்ப்பா,” என்றாள். “இதோ முடிச்சிடுவார். கிளம்பினதும் ஆள் ஏறி வெட்டிடுவான். எல்லாம் ஏற்பாடு பண்ணியிருக்கேன்.”

வெட்டச் சொன்னதற்கு அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தார்.

“தான் நட்ட ஒவ்வொரு மரத்தையும் தன் பிள்ளையாகவே எண்ணியவர் ஐயா!” என்றன நாலு ஸ்பீக்கரும்.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது மட்டும் பொய்யில்லை. அவர்களையும் நட்டதோடு சரி. தண்ணீர் ஊற்றியதெல்லாம் அம்மா.

அடுத்த வீச்சு பலமாக வந்தது. ஜன்னல் கதவு அறைந்து சாத்திக்கொண்டது. ஒரு கேடயம் ஆணியிலிருந்து கழன்று சாய்ந்தது. மேலே முனகல் தொடங்கியது. அவள் குனிந்து, தன் முதுகால் அப்பாவின் நெஞ்சையும் முகத்தையும் மறைத்துக்கொண்டாள். அந்தக் கனத்துக்கு அவள் முதுகு எம்மாத்திரம் என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை. கழுத்தைத் திருப்பி, ஷீட்டில் ஓர் ஆணி ஓட்டை வழியாகத் தெரிந்த வெளிச்சத்தையே பார்த்தாள். வெளிச்சம் மறைந்தது. வந்தது. மறைந்தது. கிளைதான் ஆடிக்கொண்டிருந்தது. மறைந்த வெளிச்சம் திரும்பி வரும்வரை மூச்சை நிறுத்திக்கொள்வாள். வந்ததும் விடுவாள். அப்படி எவ்வளவு நேரம் என்று தெரியாது.

காற்று தணிந்தது. வெளிச்சம் ஓட்டையில் நிலையாக நின்றது.

“போயிடுச்சுப்பா,” என்று சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

அப்பாவின் கை அவள் மணிக்கட்டின்மேல்தான் இருந்தது. பிடித்திருக்கவில்லை, வெறுமனே கிடந்தது. கண்கள் அவள் பார்த்த அதே ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் மூக்கருகே விரலை வைத்தாள். கழுத்தில் வைத்தாள். மறுபடி மூக்கருகே வைத்தாள். பிறகு இமைகளைக் கீழே இழுத்துவிட்டு, கிண்ணத்திலிருந்து பல்செட்டை எடுத்துத் துடைத்து, மேல்வரிசை, கீழ்வரிசை என்று பொருத்தினாள். வேலை பழகிய விரல்கள். சரியாகச் செய்தன.

தம்பி கட்டிலின் கால்மாட்டில் நின்றான். அவள் முகத்தைப் பார்த்தான். வலது கால் தரையை அழுத்தியது. அழுத்தியபடியே நின்றது.

அப்போது உதவியாளர் உள்ளே எட்டிப் பார்த்தார். கையில் கம்பியில்லாத மைக். பின்னால், ரம்பத்தைச் சாக்கில் சுற்றியபடி கிளை வெட்டுகிறவரும் வந்தார். காற்று எழும்பிவிட்டது, இன்றைக்கு ஏற முடியாது என்று சொல்ல வந்திருப்பார்.

“ஐயா ரெண்டு வார்த்தை பேசணும்னு தலைவர் ஆசைப்படறார்,” என்று கிசுகிசுத்தார் உதவியாளர். “படுத்துக்கிட்டே பேசலாம். அடடா, தூங்கறாரா?”

மறுபடி மேலே கதவு திறந்தது. உதவியாளர் தலையைத் தோள்களுக்குள் இழுத்துக்கொண்டார்.

“ஆமா,” என்றாள் அவள். “தூங்கறார். அந்த மூலையைப் பிடிங்க. உள்ளே கொண்டுபோகணும்.”

“நானா?”

“கட்டிலோட. குலுங்கக் கூடாது.”

உதவியாளர் அறையைச் சுற்றிப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மைக்கைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மூலையைப் பிடித்தார். கிளை வெட்டுகிறவர் அப்பாவின் முகத்தை ஒரு கணம் பார்த்தார். அவளைப் பார்த்தார். ரம்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு எதிர் மூலைக்குப் போனார்.

“நான் சொன்னதும் எல்லாரும் ஒண்ணா தூக்கணும்,” என்றான் தம்பி. அது பாடம் சொல்கிற குரல்தான். “அவசரமே இல்ல. மெதுவா. இப்ப.”

கட்டில் எழும்பியது. கேடயங்களைத் தாண்டியது. கதவு நிலையில் விரல்கடை இடைவெளி விட்டு நுழைந்தது.

“படி வருது. முன்னாடி இருக்கறவங்க ஏறுங்க. பின்னாடி நாம உயர்த்திப் பிடிக்கணும், சாயக் கூடாது. இன்னும் கொஞ்சம். பாத்து.”

“ஐயாவை எழுப்பிடாதீங்க,” என்றார் உதவியாளர், மூச்சு வாங்க.

“ம்,” என்றாள் அவள்.

வெளியே தலைவர், ஐயா இப்போது பேசுவார் என்று அறிவித்தார். கைதட்டல் எழுந்து அடங்கியது. பிறகு தெருவே அமைதியாகிக் காத்திருந்தது. உதவியாளரின் சட்டைப் பையிலிருந்து நாலு ஸ்பீக்கருக்கும் துணி உரசுகிற சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

“இறக்கலாம்,” என்று கிசுகிசுத்தான் தம்பி. “ஒவ்வொரு காலா.”

ஒவ்வொரு காலாக இறக்கினார்கள். தரையில் பட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை. மற்ற மூவரும் கையை எடுத்தபிறகும் அவள் சட்டத்தை விடவில்லை. அண்ணாந்து மேலே பார்த்தாள். கான்கிரீட். இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தாள். அதற்கப்புறம்தான் கையை எடுத்தாள்.